வைக்கோலில் விளையும் காளான்! வீட்டுக்குள்ளேயே வளர்க்கலாம்

மழை பெய்தால் காளான் முளைக்கும். இடி இடித்தால் இன்னும் நிறைய முளைக்கும் என்பார்கள் பெரியவர்கள்.

மழையும் இல்லை, இடியும் இல்லை. வீட்டுக்குள்ளே, வைக்கோல் அடைத்த ஒரு பையிலே காளான் முளைக்குமா?

முளைக்கும்! ஏறக்குறைய 25 நாளில் பறித்துக் குழம்பும் வைக்கலாம்.

இதற்கு வயல் வேண்டாம். கிணறு வேண்டாம். ஏர் வேண்டாம். எருவும் வேண்டாம். ஆனால், ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும். அதுதான் சுத்தம்!

காளான் வளர்ப்பில் லாபமும் நஷ்டமும் கை சுத்தத்தைப் பொறுத்தவை. அது ஏன் என்று பார்ப்போம்.

அடுப்பில் பூத்த காளான்

காளானுக்கு "ஆம்பி" என்று ஒரு பழைய பெயர் உண்டு. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் தம் வறுமையைச் சொல்கிறார். வீட்டில் சமைத்து நெடுநாள் ஆகிவிட்டது. அதனால் அடுப்பில் ஆம்பி பூத்துவிட்டதாம்!

புலவரின் துன்பம் ஒருபுறம் இருக்கட்டும். காளான் எப்படி முளைக்கிறது என்பதும் அதில் தெரிகிறது. ஈரம், நிழல், யாரும் கலைக்காத இடம் இந்த மூன்றும் கிடைத்தால் அது வந்துவிடும்.

காளான் செடி அல்ல. அதற்கு இலை கிடையாது. பச்சையம் கிடையாது. சூரிய ஒளியில் தன் உணவைத் தானே தயாரிக்க அதற்குத் தெரியாது. வைக்கோல், மரக்கட்டை, சருகு போன்றவற்றை மக்கச் செய்து, அதிலிருந்து சத்தை உறிஞ்சி வாழ்கிறது.

நாம் பறிக்கும் குடை, காளானின் ஒரு பகுதிதான். அதன் உடல் வெள்ளை நூல் போன்ற இழைகளாக வைக்கோலுக்குள் பரவி இருக்கும். மரம் உள்ளே, பழம் வெளியே என்று வைத்துக்கொள்ளலாம்.

கோவையில் நடந்த முயற்சி

தமிழ்நாட்டுக்குக் காளான் வளர்ப்பு புதிது அல்ல. கோயம்புத்தூரில் தாமஸ், ராமகிருஷ்ணன், நரசிம்மலு என்ற மூன்று விஞ்ஞானிகள் வைக்கோலில் காளான் வளர்த்துப் பார்த்தார்கள். 1943-ம் ஆண்டில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார்கள்.

1962-ம் ஆண்டில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பானோ, ஸ்ரீவஸ்தவா ஆகிய இருவர், வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்க்கும் முறையை வெளியிட்டார்கள். சிப்பி போல விரிந்திருப்பதால் அதற்கு அந்தப் பெயர்.

நம் ஊர் வெயிலைத் தாங்கும் பால் காளானும் உண்டு. பால் போல வெள்ளையாக, தடித்த காலுடன் இருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ம் ஆண்டில் ஏ.பி.கே.-2 என்ற பால் காளான் ரகத்தை வெளியிட்டது. அது அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம்.

வீட்டில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது சிப்பிக் காளான்தான். 20 முதல் 30 டிகிரி வரை உள்ள உஷ்ணம் அதற்குப் போதும். மழைக்காலமும் பனிக்காலமும் அதற்கு நல்ல காலம். கை பழகிய பிறகு, கோடையில் பால் காளானுக்கு மாறலாம்.

"விஷம் ஆச்சே!"

வீட்டில் காளான் பையைத் தொங்கவிட்டால், முதலில் எழும் பேச்சு இதுதான்:

"ஏம்மா, காளான் விஷம் ஆச்சே! குழந்தைங்க இருக்கிற வீட்டிலே இது எதுக்கு?" என்று மாமியார் கேட்பார்.

"இது காட்டிலே பறிச்சது இல்லே அத்தை. வித்து வாங்கி நாமே போட்டது. கத்தரி விதை போட்டா கத்தரிதானே வரும்?" என்பாள் மருமகள்.

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

காட்டிலும் மேட்டிலும் தானாக முளைக்கும் காளான்களில் நல்லதும் உண்டு. ஆளைக் கொல்வதும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அசாமில் காட்டுக் காளானைச் சமைத்துச் சாப்பிட்ட 13 பேர் இறந்து போனார்கள்.

வெள்ளிக் காசு போட்டுப் பார்ப்பது, பூண்டு போட்டுப் பார்ப்பது, பூச்சி கடித்திருக்கிறதா என்று பார்ப்பது ஆகிய எதையும் நம்பக் கூடாது. கொடிய காளானின் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டு 6 மணி நேரத்துக்குப் பிறகுதான் வாந்தியும் பேதியும் தொடங்கும். இடையில் குணமானது போலத் தெரியும். அதற்குள் ஈரல் கெட்டுவிடும். சந்தேகம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆகவே மாமியாரின் பயம் காட்டுக் காளானுக்குப் பொருந்தும். நம்பிக்கையான இடத்தில் வித்து வாங்கி வளர்க்கும் சிப்பிக் காளானுக்குப் பொருந்தாது. ஆனால், அந்தப் பையிலும் வேறு நிறத்தில், வேறு உருவத்தில் ஏதாவது முளைத்தால் அதைச் சாப்பிடக் கூடாது.

பை கட்டுவது எப்படி?

காளான் வித்து என்பது வேக வைத்த சோளத்தில் காளான் இழையை வளர்த்துத் தருவது. வெள்ளையாக, பஞ்சு படர்ந்தது போல இருக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், வித்து தயாரிப்பவர்களிடமும் கிடைக்கும். பச்சை, கறுப்புப் புள்ளி இருந்தாலும், கெட்ட வாடை அடித்தாலும் வாங்க வேண்டாம்.

இனி வேலையைத் தொடங்கலாம்.

புது வைக்கோலாக எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்து கறுத்த வைக்கோல் ஆகாது. இரண்டு அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள். தண்ணீரில் 4 மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு அண்டாவில் போட்டு முக்கால் மணி நேரம் வேக வையுங்கள்.

வேக வைப்பது எதற்கு?

வைக்கோலில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகள் நிறைய இருக்கின்றன. அவையும் அதே வைக்கோலைத் தின்ன வந்தவைதான். காளானைவிட வேகமாக வளரக்கூடியவை. வேக வைத்தால் அவற்றில் பெரும்பாலானவை செத்துவிடும். காலியான பந்தியில் காளான் முதலில் போய் உட்கார்ந்து கொள்ளும்!

வெந்த வைக்கோலைச் சுத்தமான விரிப்பில் கொட்டி, நிழலில் ஆற விடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டக் கூடாது. ஆனால், உள்ளங்கையில் ஈரம் தெரிய வேண்டும். இதுதான் பதம்.

இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம் உள்ள பாலிதீன் பை வேண்டும். அடியைக் கயிற்றால் கட்டுங்கள். பையின் நடுவில் இரு பக்கமும் சிறு துளை போடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரண்டு அங்குல உயரம் வைக்கோல் போட்டு, அதன் மேல் ஓரத்தைச் சுற்றி ஒரு கைப்பிடி வித்தைத் தூவுங்கள். மறுபடியும் வைக்கோல், மறுபடியும் வித்து. இப்படியே ஐந்து அடுக்கு. மேலே வைக்கோலால் மூடி, அழுத்தி, வாயைக் கட்டுங்கள். இதற்குக் "காளான் படுக்கை" என்று பெயர். ஒரு பொட்டலம் வித்தில் இரண்டு படுக்கை போடலாம்.

உறியில் தொங்கும் பை

அந்தக் காலத்தில் தயிர்ப்பானையை உறியில் தொங்கவிடுவார்கள். அதுபோலக் கயிற்றில் இந்தப் பையைத் தொங்கவிடுங்கள். ஓலைச் சாய்ப்பு, உபயோகிக்காத ஓர் அறை எதுவானாலும் சரி. வெயில் படக் கூடாது. எறும்பும் எலியும் எட்டக் கூடாது.

15 முதல் 20 நாள் வரை பையைத் தொட வேண்டாம். வெள்ளை இழை வைக்கோல் முழுவதும் படரும். பை முழுவதும் வெள்ளையானதும், சுத்தமான பிளேடால் பாலிதீனைக் கிழித்து எடுத்துவிடுங்கள். வைக்கோல் ஒரே கட்டியாக, கலையாமல் நிற்கும்.

இனி காற்றும் ஈரமும் வேண்டும். காலையிலும் மாலையிலும் பனி போலத் தண்ணீர் தெளியுங்கள். தரையில் மணல் பரப்பி நனைத்து, சுற்றிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டால் நல்லது.

மூன்றாம் நாள் குண்டூசித் தலை போல மொட்டு தெரியும். அடுத்த மூன்று நாளில் விரிந்துவிடும். ஓரம் சுருளுவதற்கு முன்பே, அடியோடு திருகிப் பறித்துவிட வேண்டும். பறித்த இடத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி தண்ணீர் தெளித்தால், ஒரு வாரத்தில் இரண்டாம் பறிப்பு. பிறகு மூன்றாவது.

அரைக் கிலோ உலர்ந்த வைக்கோல் போட்ட படுக்கையில், மூன்று பறிப்பும் சேர்த்துக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை எதிர்பார்க்கலாம்.

வீட்டு வேலையோடு ஒரு வேலை

தினமும் இதற்காக நாள் முழுவதும் உட்கார வேண்டியதில்லை. காலையில் வாசல் தெளிக்கும்போது ஒரு முறை தண்ணீர். மாலையில் விளக்கேற்றும் முன் ஒரு முறை தண்ணீர். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், "இன்னிக்கு எத்தனை மொட்டு?" என்று எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணட்டும், தொட வேண்டாம்!

பச்சை தெரிந்தால்...

வெள்ளையாக இருக்க வேண்டிய பையில் பச்சைத் திட்டு தெரிந்தால், அது வேண்டாத பூஞ்சை. வைக்கோல் சரியாக வேகவில்லை. அல்லது கை சுத்தமில்லை. அல்லது ஈரம் அதிகம். "போனால் போகட்டும், ஓர் ஓரம்தானே" என்று வைத்திருக்கக் கூடாது. அந்தப் பையைத் தூரமாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்ற பைகளும் போய்விடும். பத்துப் பை போட்டவருக்கு ஒரு பைதான் நஷ்டம் என்று நிற்காது.

இன்னொரு கவனமும் தேவை. முற்றிய சிப்பிக் காளான் வெள்ளைத் தூளைக் கொட்டும். அது காளானின் வித்துத்தூள். நாள்தோறும் அதைச் சுவாசித்தால் சிலருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் வரும். காளான் இருக்கும் அறையில் படுக்கக் கூடாது. பறிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

சட்டியில் மணக்கும்

புதுக் காளானில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிராமில் 3 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. கொழுப்பு மிகக் குறைவு. சர்வரோக நிவாரணி அல்ல, நல்ல காய்கறி.

கழுவி, கையால் கிழித்து, சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் சேர்த்து வதக்கினால் அதுவே தண்ணீர் விட்டுக்கொள்ளும். பச்சையாகச் சாப்பிட வேண்டாம். முதல் தடவை கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

விற்க முடியுமா?

முடியும். ஆனால், சிப்பிக் காளான் நெடுநேரம் தாங்காது. பறித்த அன்றே விற்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். விற்காததை வெயிலில் காய வைக்கலாம். 10 கிலோ காய்ந்தால் 1 கிலோதான் மிஞ்சும்.

ஆகவே, வாங்க ஆள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதிகம் போட வேண்டும். அக்கம்பக்கத்து வீடு, தெருக்கோடிக் காய்கறிக் கடை, சிற்றுண்டிச் சாலை என்று முதலில் கேட்டு வையுங்கள். "நீங்கள் வளருங்கள், மொத்தமும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம். முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால், பணத்தை எடுக்காதீர்கள். நகையை அடகு வைத்துத் தொடங்க வேண்டிய தொழில் அல்ல இது.

முதலில் இரண்டே இரண்டு படுக்கை போடுங்கள். வித்து ஒரு பொட்டலம், இரண்டு பை, கொஞ்சம் வைக்கோல். அவ்வளவுதான் செலவு. ஒன்று கெட்டாலும் ஏன் கெட்டது என்று தெரிந்துவிடும். மாவட்டங்களில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையங்கள் இதற்குப் பயிற்சி நடத்துகின்றன. போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்று பறிப்பும் முடிந்த வைக்கோலை எறிந்துவிடாதீர்கள். குப்பைக் குழியில் போட்டால் நல்ல எரு ஆகும். அந்த எருவைக் கொல்லையில் உள்ள வாழைக்கும் அவரைக்கும் போடுங்கள். அண்டாவைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். அடுத்த படுக்கைக்கு அது வேண்டும்!