ஹாலும் அம்பலமும்

‘ஹால்’ என்ற ஆங்கிலச் சொல் தமிழ்நாட்டில் இன்று எல்லார் வாயிலும் புழங்குகிறது. வீட்டில் தொலைக்காட்சி இருக்கும் இடம் ஹால். கல்யாணத்துக்குப் பிடிப்பது ஹால். பரீட்சைக்குப் போகிறவர் மறக்காமல் எடுத்துப்போக வேண்டியது ஹால் டிக்கெட். ஆங்கிலேயர் ஒருவரிடம் வீட்டின் ஹால் எது என்று கேட்டால், வாசற்கதவைத் திறந்ததும் வரும் நடைவழியைக் காட்டுவார். அமெரிக்கருக்கோ அறைகளுக்கு நடுவே ஓடும் நீண்ட வழிதான் ஹால். இவை தவிர, இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் நிலக்கிழாரின் மாளிகைக்கும், பல்கலைக்கழக விடுதிக்கும், ஆக்ஸ்போர்டு கல்லூரிகளின் சாப்பாட்டுக் கூடத்துக்கும் இதே பெயர்தான்.

இத்தனை பொருள்கள் கிளைத்ததற்குக் காரணம் அந்நாட்டு வீடுகளின் வரலாறு. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் தலைவனின் பெரிய கூரைக்கட்டைக் குறித்தது. தலைவனும் அவனுடைய ஆட்களும் அங்கேயே உண்டார்கள், பேசினார்கள், உறங்கவும் செய்தார்கள். நூற்றாண்டுகள் செல்லச்செல்ல உண்ண ஓர் அறை, உறங்க ஓர் அறை, விருந்தினரோடு பேச ஓர் அறை என்று வீடு பிரிந்தது. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பெயர் பெற்றபின் ஹாலுக்கு மிஞ்சியது வாசலை ஒட்டிய வழி மட்டுமே. ஊர்க்கூட்டம், நீதி, விருந்து ஆகியவற்றுக்கான பெரிய கட்டடங்களில் பழைய பொருள் நிலைத்தது. இச்சொல்லின் வேர் ‘மூடுதல்’ என்ற பொருளுடையது என்பது சொல்லாய்வாளர் முடிவு. மேலே கூரை மூடிய இடம் என்பதே அதன் தொடக்கம்.

தமிழில் இதற்கு ஈடாக ஒரு சொல் இல்லை, ஒரு குடும்பமே இருக்கிறது. வீட்டுக்குள் இருப்பது கூடம். முற்றத்தை ஒட்டி, ஊஞ்சல் தொங்க, வீட்டார் கூடி இருந்த இடம் அது. வாசலிலிருந்து உள்ளே வரும் நடையை ரேழி என்றார்கள். ஆங்கிலேயரின் வீட்டு ஹாலுக்கு நேரான சொல் அதுதான். அடுக்குமாடி வீடுகளில் முற்றமும் ரேழியும் போய்விட்டன. ‘டூ பி.எச்.கே.’ என்னும் விளம்பர வழக்கின் நடுவெழுத்து கூடத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. ஆனாலும் பள்ளிக்கூடம், தேர்வுக்கூடம், ஆய்வுக்கூடம் என்று பொது வாழ்வில் கூடம் உயிரோடுதான் இருக்கிறது.

வீட்டை விட்டு ஊருக்கு வந்தால் அம்பலம். ஊரார் கூடும் பொது இடத்தைக் குறித்த இச்சொல் பல திசைகளில் பரவியது. மலையாளத்தில் அம்பலம் என்றால் கோயில். இலங்கையில் வழிப்போக்கர் தங்கும் மடத்துக்கு அந்தப் பெயர். தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் ஊர்த்தலைவருக்கு அம்பலம், அம்பலகாரர் என்ற பட்டங்கள் வழங்கின. மறைத்த செய்தி வெளிப்பட்டால் ‘அம்பலத்துக்கு வந்துவிட்டது’ என்கிறோம். ஆங்கிலச் சொல் மூடுதலில் பிறந்தது, தமிழ்ச் சொல்லோ எல்லார் கண்ணுக்கும் திறந்து கிடக்கும் வெளியில் வாழ்கிறது. அகராதியில் இரண்டும் ஒரே வரியில் அமர்ந்தாலும் அவற்றின் மனம் வேறு.

அம்பலத்தின் சிறப்பெல்லாம் கூடிய ஊர் சிதம்பரம். தில்லை மரங்கள் அடர்ந்ததால் தில்லை எனப்பட்ட அவ்வூரில் நடராசர் ஆடும் இடம் சிற்றம்பலம். தேவாரம் ஓதுவோர் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ‘திருச்சிற்றம்பலம்’ என்று சொல்வது இன்றும் வழக்கம். கோயிலுக்குள் ஐந்து சபைகள் உண்டு. நடராசர் இருக்கும் சிற்றம்பலம் சிற்சபை எனப்படும். அதன் முன்னே, பூசைகளும் அபிடேகமும் நடக்கும் இடம் கனகசபை, தமிழில் பொன்னம்பலம். எதிரே, சக்கரமும் குதிரையும் செதுக்கித் தேர்போல் அமைத்த நிருத்தசபை. உற்சவ மூர்த்திகள் இருக்கும் தேவசபையைப் பேரம்பலம் என்பர். வெளிச்சுற்றில் ஆயிரங்கால் மண்டபமாக நிற்பது ராஜசபை. ஆனி, மார்கழி திருவிழாக்களில் தேரிலிருந்து இறங்கும் நடராசர் அங்கே எழுந்தருள்வார். விடியலில் மகாபிடேகம் நடக்கும். சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றியதும் அந்த ஆயிரங்கால் மண்டபத்தில்தான் என்பது மரபு.

சபை, அம்பலம், மண்டபம் என்ற மூன்று சொற்களும் ஒரே மதிலுக்குள் ஒன்றையொன்று தள்ளாமல் இருப்பது தமிழின் பெருந்தன்மை. அவை கட்டடப் பெயராக மட்டும் நில்லாமல் மனிதரின் பெயராகவும் ஆயின. அம்பலவாணன், பொன்னம்பலம், கனகசபை, சபாபதி, மன்றுளாடி எல்லாம் தில்லைக் கூத்தனையொட்டி வந்த பெயர்கள். கொழும்பில் உள்ள பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் பெயரும் இந்த வழியில் வந்ததே. சிதம்பரத்தார் தங்கள் கோயிலைச் சபாநாயகர் கோயில் என்கிறார்கள். சட்டமன்றத்தில் அவையை நடத்துபவருக்கும் சபாநாயகர் என்ற அதே பெயர் வந்தது. பேரவைத் தலைவர் என்ற சொல் பின்னால் வழக்குக்கு வந்தும் பழைய பெயர் மறையவில்லை.

மன்று என்ற பெயரும் தில்லை அம்பலத்துக்கு உண்டு. சங்க காலத்தில் மரத்தடியில் ஊரார் கூடிய இடம் மன்றம். இன்று நீதிமன்றம், நாடாளுமன்றம், ஊராட்சி மன்றம், ரசிகர் மன்றம் என அது பெருகியிருக்கிறது. கடலூர் 2021இல் மாநகராட்சி ஆனபோது நகர்மன்றம் மாமன்றம் ஆயிற்று. மன்றம் என்று சொன்னால் பேசி முடிவெடுக்கும் மனிதர் கூட்டம் முதலில் நினைவுக்கு வரும், கட்டடம் பிறகுதான். அவை என்பதும் அப்படியே. திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்ற இரு அதிகாரங்களும் கூடியிருப்போரைப் பற்றியவை. ஆகவே கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள டவுன் ஹாலை நகர்மன்றம் என்று மொழிபெயர்த்தால் குழப்பம் வரும். நகர அரங்கம் என்றால் இடம் சரியாக விளங்கும். அரங்கம் ஆட்டத்துக்கும் பேச்சுக்கும் உரிய மேடையைச் சார்ந்த சொல்.

இந்த நுட்பத்தை மிகத் தெளிவாகக் கையாண்டவர் இதே கடலூர் மாவட்டத்து வள்ளலார். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த அவர் 1865இல் தொடங்கியது சன்மார்க்க சங்கம். 1867இல் வடலூரில் பசித்தவருக்குச் சோறிடத் தொடங்கியது சத்திய தருமச்சாலை. 1872 தைப்பூசத்தன்று சோதி வழிபாடு தொடங்கிய எண்கோணக் கட்டடம் சத்திய ஞானசபை. வடலூருக்கு உத்தரஞான சிதம்பரம் என்றும் பெயர். மனிதர் ஒரு கொள்கையில் சேர்ந்தால் சங்கம், உணவளிக்கும் இடம் சாலை, ஒளியைக் காணக் கூடும் இடம் சபை. சாலையையும் சபையையும் ஆங்கிலத்தில் ஹால் என்று எழுதிவிடலாம். எழுதினால் வள்ளலார் செய்த வேறுபாடு போய்விடும். சாலை என்றதும் இன்று நெடுஞ்சாலை நினைவுக்கு வருகிறது. பாடசாலை, தொழிற்சாலை, சிறைச்சாலை ஆகியவற்றில் அதன் பழைய பொருள் தங்கியிருக்கிறது.

திருமணத்துக்குரியது மண்டபம். கோயிலில் தூண் தாங்கிய திறந்த கட்டடமாக இருந்த மண்டபம் கல்யாண மண்டபமாக ஊருக்குள் வந்தது. இப்போது பெயர்ப்பலகைகளில் அதை ‘மஹால்’ தள்ளிக்கொண்டு வருகிறது. ஓசையில் ஹாலைப் போலிருந்தாலும் மஹாலுக்கும் ஹாலுக்கும் உறவில்லை. மஹால் அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாக வந்த சொல். தஞ்சாவூர் சரஸ்வதி மஹாலும் மதுரைத் திருமலை நாயக்கர் மஹாலும் அதன் பழைய உறவினர்.

சாவடியையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டும். பயணிகள் இளைப்பாறவும், பஞ்சாயத்துப் பேசவும், வரி வாங்கவும் பயன்பட்ட கொட்டகை அது. கடலூரில் ஒரு பகுதிக்கே சாவடி என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியார் இச்சொல்லைச் ‘சவுல்ட்ரி’ என்று ஆங்கிலமாக்கிச் சத்திரத்துக்கும் வழங்கினர். கொட்டகை போனபின்னும் சொல் போகவில்லை. சோதனைச்சாவடி, சுங்கச்சாவடி என நெடுஞ்சாலையில் நிற்கிறது. தேர்தல் வந்தால் பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒருநாள் வாக்குச்சாவடி ஆகிறது.