குமிழியும் தவளையும்

ஆற்றோரம் நின்று செல்போனில் ஒலிப்பதிவு செய்து, வீட்டுக்கு வந்து போட்டுக் கேளுங்கள். நிலையம் சிக்காத ரேடியோபோல ஒரே ‘உஸ்ஸ்’. போன்மீது தப்பில்லை. வேண்டாத சத்தத்தை ஒதுக்கிவிட்டு வேண்டியதைப் பிடித்துக்கொள்ளக் காதுக்குத் தெரியும். மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

அந்த ‘உஸ்ஸ்’ எங்கிருந்து வருகிறது? வழுவழுவென்று ஓடும் நீர் ஏறக்குறைய ஊமை. கல்லில் மோதிக் காற்றை விழுங்கும்போதுதான் அதற்கு வாய் முளைக்கிறது. உள்ளே சிக்கிய குமிழி சுருங்கி விரிந்து மணிபோல அதிரும். 1933-ல் மின்னார்ட் என்ற விஞ்ஞானி இதற்குக் கணக்குச் சொன்னார்: 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,000 தடவை அதிரும். சிறுசுக்குக் கீச்சுக் குரல், பெருசுக்குக் கட்டைக் குரல். எல்லாம் சேர்ந்து கத்தினால் இரைச்சல்.

அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றை அதன் மலை ஊற்றிலிருந்து கடல்வரை ஒலியாலேயே வரைபடமாக்கியவர் இசையமைப்பாளர் அன்னியா லாக்வுட் (1982). அந்தப் பள்ளத்தாக்கில் வசந்தகால இரவைப் பதிவுசெய்யப் போகிறவருக்கு ஒரு வில்லங்கம் காத்திருக்கிறது. பனி உருகி ஆறு பெருகும் அதே நாட்களில், கரையோரச் சதுப்பில் ‘ஸ்பிரிங் பீப்பர்’ தவளைகள் துணை தேடிக் கத்தத் தொடங்கும். உருவம் மூன்று சென்டிமீட்டர். குளிர்காலத்தில் உடல் பாதி உறைந்தும் பிழைத்துக்கொள்ளும் ஜந்து. அதன் ‘பீப்’பும் கிட்டத்தட்ட அதே 3,000 அதிர்வுதான்! தவளையின் சுருதியிலேயே குமிழியும் பாடினால் எதைப் பிரிப்பது?

அதனால் அனுபவசாலி பாறைச் சரிவைவிட்டு விலகி, ஆறு அகன்று அடங்கும் வளைவில் மைக்கை நடுவார். காற்று உரசாமலிருக்க, அதற்குப் பூனைக்குட்டிபோலப் புசுபுசுவென்று ஒரு ரோம உறை. பிறகு நீளமான கேபிளை இழுத்துக்கொண்டு தள்ளிப்போய் அசையாமல் உட்காரவேண்டும். காலடி கேட்டதும் தவளைகள் கப்சிப். மறுபடி ஒன்று துணிந்து ஆரம்பித்தால்தான் மற்றவை சேரும். ஜாக்கெட் சரசரப்புகூடப் பதிவாகிவிடும்.

இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து மேலே வெதுவெதுப்பு தங்குவதால், ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். தவளைக்கு நல்லதுதான். ஆனால் ஹட்சனின் இரு கரையிலும் ரயில் ஓடுகிறதே! ரயில் இல்லாத இடைவெளிக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நீருக்குள் இறக்கும் ஹைட்ரோபோன் இருந்தால் வேறொரு கச்சேரி. பெருகிய நீர் கூழாங்கற்களை உருட்டிப்போகும்போது, கரையில் நிற்பவருக்கு எட்டாத ‘டொக்... டொக்’.