ஹீட்டர் போட்டால் ஏன் இனிக்கிறது?

சமவெளியில் கார் ஓட்டுபவர்களுக்கு ஏசி திருகின் நீலப் பக்கம்தான் பழக்கம். சிவப்பு என்று ஒரு பக்கம் இருப்பதே மலையேறும்போதுதான் ஞாபகம் வரும். மேட்டுப்பாளையத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துக் கிளம்புவோம். குன்னூரில் கண்ணாடியை ஏற்றுவோம். ஊட்டியில் இருட்டத் தொடங்கியதும், "கொஞ்சம் ஹீட்டர் போடுப்பா" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்கும். திருகைத் திருப்பினால் வெதுவெதுப்போடு ஒரு வாடையும் சேர்ந்து வரும்.

ஒரு டிசம்பரில் எங்கள் காரில் வந்தது வெல்லப்பாகு போன்ற இனிப்பு வாசனை. யாரோ வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம். முன் கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்தால் போகாமல், எண்ணெய் தடவியதுபோல இழுத்துக்கொண்டே வந்தது. மறுநாள் மெக்கானிக் முன்சீட்டின் இடப்பக்க மிதியடியைத் தூக்கி, அடியிலிருந்த ஈரத்தைத் தொட்டு இரு விரல்களுக்கிடையே தேய்த்தார். "ஏசித் தண்ணின்னா வழுக்காது சார். இது கொழகொழங்குது பாருங்க. கூலன்ட்."

கார் ஹீட்டர் தனி அடுப்பு அல்ல. என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் கூலன்ட் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். அதில் கொஞ்சம், டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கையகல ரேடியேட்டர் ஒன்றின் வழியாகவும் ஓடுகிறது. ஹீட்டர் காயில் என்பது இதுதான். அதன்மீது மின்விசிறி காற்றை ஊத, என்ஜின் வீணாக வெளியே தள்ளவேண்டிய சூடு நமக்குக் குளிர்காய உதவுகிறது. அந்தக் காயிலில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் போதும், கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் ஆவியாகிக் காற்றோடு உள்ளே வரும். இனிப்பு வாசனையும் கண்ணாடிப் பிசுக்கும் அதனால்தான். கூலன்ட் குறையக் குறைய என்ஜின் கொதிக்கும் என்பதால், இதைத் தள்ளிப்போடக் கூடாது. காயிலைவிட, டேஷ்போர்டைக் கழற்றி மாட்டும் கூலிதான் பெரும்பாலும் பர்ஸைக் கடிக்கும். அவசரத்துக்கு, காயிலுக்குப் போகும் இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, ஹீட்டர் இல்லாமலே ஊர் திரும்பலாம். நாங்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு திரும்பினோம்.

எல்லா வாடையும் இப்படிச் செலவு வைப்பதில்லை. வருஷம் முழுக்கப் போடாத ஹீட்டரைப் போட்டதும் தூசி கருகும் நெடி வந்து, சில நிமிடங்களில் அடங்கிவிட்டால் மறந்துவிடலாம்.

ஈரச் சாக்கு வாடை அடிக்கடி வருவது. ஹீட்டருக்கும் ஏசிக்கும் காற்றுப் பாதை ஒன்றே. காற்று முதலில் ஏசியின் கூலிங் காயிலைக் கடந்துதான் ஹீட்டர் காயிலுக்குப் போகிறது. கோடையெல்லாம் நனைந்து கிடந்த கூலிங் காயிலில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறியிருக்கும். சூடான காற்று கேட்டாலும் அவற்றின் வாடையும் கூடவே வரும். இவற்றில் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் மண்வாசனைக்கும் காரணம். லட்சம் கோடி பங்கில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைப் பிடித்துவிடும். மழைக்கு மணப்பது காருக்குள் குமட்டுகிறது! பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரை மாற்றுங்கள். ஏசித் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். வீடு நெருங்கும்போது ஏசியை நிறுத்தி, விசிறியை மட்டும் சில நிமிடம் ஓடவிட்டால் காயில் உலரும். இந்த ஒரு பழக்கம் வாசனைத் திரவியங்கள் எல்லாவற்றையும்விட மேல். கண்ணாடியில் தொங்கும் மல்லிகை, எலுமிச்சைகள் மேல் எனக்கு மரியாதையே கிடையாது. கார் சொல்லவந்ததை அவை சொல்லவிடுவதில்லை.

விசிறிக் கூட்டுக்குள் எலி செத்துக் கிடந்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நாற்றத்தின் மூலப்பொருள்களான புட்ரெசினையும் கடாவெரினையும் 1885இல் விவரித்தவர் லுட்விக் பிரீகர் என்ற ஜெர்மன் மருத்துவர். என்ன பொறுமை அவருக்கு!

கருகல் வாடை வந்தால், வெளிக்காற்றை அடைக்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வாடை குறைந்தால் அது வெளியிலிருந்து வருகிறது. மலை இறக்கத்தில் முன்னால் போகும் லாரியின் பிரேக்காக இருக்கலாம், நம் பிரேக்காகவும் இருக்கலாம். டேப்பட் கவர் பேக்கிங் கசிந்து, சூடான புகைக்குழாய்மேல் எண்ணெய் சொட்டினாலும் இதே வாடைதான். பொத்தானை அழுத்தியும் குறையவில்லை என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது. ஒயர் உருகும் நெடி என்றால் உடனே ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள்.

இந்தச் சோதனைகளில் ஒரு சிக்கல் உண்டு: மூக்கு சீக்கிரம் பழகிவிடும். சில நிமிடங்களில் உள்ளே இருப்பவர்களுக்கு வாடையே தெரியாது. வெளியிலிருந்து புதிதாக ஏறுபவரைக் கேட்பதே நல்லது. புகை நெடி என்றால் அதற்கும் காத்திருக்க வேண்டாம், எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிடுங்கள். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது பற்றிக்கொள்ளும். குளிருக்கு ஹீட்டரைப் போட்டு, கண்ணாடியை மூடிக்கொண்டு, நிற்கும் காரில் தூங்காதீர்கள்.

எங்கள் காரிலிருந்து வடித்த கூலன்ட்டை அந்த மெக்கானிக் சாக்கடையில் விடவில்லை, ஒரு கேனில் பிடித்து மூடினார். "இனிப்பா இருக்குமாம் சார், நாய் நக்கிடும்" என்றார். எத்திலீன் கிளைக்கால் உடலுக்குள் ஆக்சாலிக் அமிலமாகி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களாகப் படியும். சிறிதளவே நாயைக் கொல்லப் போதும். வீட்டு வாசலில் கூலன்ட் மாற்றுபவர்கள், தயவுசெய்து அதைத் தெருவில் ஊற்றாதீர்கள்.