பயாஸ் புதுப்பித்ததும் கிராபிக்ஸ் கார்டு மறைவது ஏன்?

பயாஸைப் புதுப்பித்தபின் மின்விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு. கார்டு போய்விட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். புதுப்பிக்கும்போது நாம் மாற்றி வைத்த அமைப்புகள் பெரும்பாலும் அழிந்து, தொழிற்சாலை அமைப்பு திரும்பிவிடும். புதிய மதர்போர்டுகள் பலவற்றில் அப்போது 'சிஎஸ்எம்' (பழைய பயாஸ் முறைக்கான இணக்க வசதி) அணைந்துவிடுகிறது. 2012-க்கு முந்தைய கார்டுகள் பலவற்றில் யுஇஎஃப்ஐ-க்கு (இன்றைய பயாஸ் முறை) புரியும் தொடக்க நிரல் கிடையாது. சிஎஸ்எம் துணையில்லாமல் அவை பயாஸ் திரையைக்கூடக் காட்டாது.

கார்டை ஸ்லாட்டோடு இணைக்கும் ரைசர் (நீட்டிப்பு) கேபிள் வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல். பிசிஐஇ ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) வேகத்துக்கான கேபிளில், 'ஆட்டோ'வுக்குத் திரும்பிய ஸ்லாட் ஜென் 4 வேகத்துக்கு முயன்றால் சமிக்ஞை சிதையும்.

செயலியில் உள் கிராபிக்ஸ் இருந்தால் மானிட்டரை மதர்போர்டில் இணைத்து, பயாஸுக்குள் போய் இந்த அமைப்புகளைச் சரிசெய்யலாம். மின்சாரத்தைத் துண்டித்து, கார்டைக் கழற்றி அழுத்திப் பொருத்துவதும் அவசியம். இருக்கும் கார்டை இன்னொரு கணினியில் சோதிக்காமல் புதுக் கார்டு வாங்காதீர்கள்.