வாட்ஸ்-அப் குழுவுக்குக் காவல் யார்?

நாமக்கல் மாவட்டத்தின் பரமத்தி வேலூரில் காவிரிப் பாலத்தைக் கடந்தால் கரூர் மாவட்டம். அங்கே வழக்கறிஞர்கள் நடத்திய ‘கரூர் லாயர்ஸ்’ என்ற வாட்ஸ்-அப் குழு 2021இல் உயர் நீதிமன்றம் வரை போனது. உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுகள் இரு சமூகத்தாரிடையே பகை மூட்டும் என்று இன்னொரு வழக்கறிஞர் போலீசில் புகார் கொடுத்தார். முதல் தகவல் அறிக்கையில் பதிவு போட்டவரோடு குழுவின் அட்மின் பெயரும் ஏறியது. சட்டம் தெரிந்தவர்களின் குழுவுக்கே இந்தக் கதி.

சேலம், நாமக்கல் பக்கம் வாட்ஸ்-அப் குழு இல்லாத தொழில் அபூர்வம். கோழிப்பண்ணை, லாரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, ஜவ்வரிசி ஆலை, விசைத்தறி என ஒவ்வொன்றுக்கும் குழு உண்டு. விலை, லோடு, மருந்து, பாக்கி வைத்த வியாபாரி என எல்லாப் பேச்சும் அங்கேதான் ஓடுகிறது. இந்தப் பேச்சை ஒருவர் கண்காணிக்க வேண்டுமா, தொழில்காரர்கள் தாமே அடங்கி நடந்தால் போதுமா?

நீதிமன்றங்கள் என்ன சொல்லின?

2021 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னது. ஆள் சேர்க்கவும் நீக்கவும் மட்டுமே அட்மினுக்கு அதிகாரம் உண்டு. பதிவு வரும் முன் தணிக்கை செய்ய அவரால் முடியாது. முன்கூட்டிய திட்டமோ பொது நோக்கமோ இருந்ததாகக் காட்டாமல் அடுத்தவர் பதிவுக்கு அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்பது அதன் சாரம். கரூர் வழக்கில் 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் இதையே பின்பற்றினார். அங்கே அட்மின்தான் மனுதாரர். அவர் அட்மினாக மட்டுமே இருந்திருந்தால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்றார். வேறு ஆதாரம் கிடைத்தால் அவர் வழக்கைச் சந்திக்க வேண்டியதுதான். 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் இதே வழியில் சென்றது.

அப்படியானால் அட்மின் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா?

இருக்க முடியாது. அட்மினுக்கு அதிகாரம் குறைவு என்பது அந்தத் தீர்ப்புகளின் முக்கியமான தூண். 2022இல் வாட்ஸ்-அப் அந்தத் தூணைக் கொஞ்சம் நகர்த்திவிட்டது. யாருடைய பதிவையும் எல்லாருடைய திரையிலிருந்தும் அழிக்கும் வசதி அந்த ஆண்டில் அட்மினுக்குக் கிடைத்தது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம் என்றும் ஆனது. குற்றப் பொறுப்பு யாருக்கு என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். ஆனால், ‘என் கையில் எதுவும் இல்லை’ என்று இனி எந்த அட்மினும் சொல்ல முடியாது.

தொழில் குழுவில் வசவைவிட ஆபத்தானது, நல்ல எண்ணத்தோடு வரும் தவறான ஆலோசனை. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்வோம். மற்ற மருந்துகளுக்கு அடங்காத தொற்று வந்த மனிதர்களுக்கு மருத்துவர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து அது. கோழி வளர்ப்பிலும் தீவனத்திலும் பயன்படுத்த அதைத் தயாரிக்கவும் விற்கவும் 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. அந்தப் பெயர் இருக்கும் பழைய மருந்துச் சீட்டை ஒரு மூத்த பண்ணையாளர் குழுவில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விஷயம் தெரிந்த நான்கு பேர் அதைப் பார்ப்பார்கள். ‘பெரியவர் போட்டிருக்கிறார், நாம் எப்படிச் சொல்வது?’ என்று நான்கு பேருமே பேசாமல் இருந்துவிடுவார்கள். சுயக்கட்டுப்பாடு தோற்கும் இடம் இதுதான். எல்லாருக்கும் பொறுப்பு என்றால் யாரும் வாய் திறப்பதில்லை.

தவறான ஆலோசனையைப் போலவே வதந்தியும் சேதம் செய்யும். 2020இன் தொடக்கத்தில் கோழிக்கறியால் கொரோனா பரவும் என்ற வதந்தி கைபேசி வழியே ஓடி, கறிக்கோழி, முட்டை விற்பனையைச் சாய்த்தது. அதற்கு விலை கொடுத்தவர்கள் இந்தப் பகுதிப் பண்ணையாளர்கள்.

சுயக்கட்டுப்பாடு வீணா?

அதுவும் இல்லை. இந்த மண்ணில் தொழில்காரர்களே கூடித் தங்களுக்கு விதி வகுத்த வரலாறு உண்டு. சேலம் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்கள் 1981இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம்தான் சேகோசர்வ். அங்கே ‘என் சரக்கு சுத்தம்’ என்ற உற்பத்தியாளரின் சொல் மட்டும் போதாது. மாதிரி எடுத்துத் தரம் பார்ப்பார்கள். டெண்டர் மூலம் விற்பனை நடக்கும். விதி உறுப்பினர்களுடையது என்றாலும், அது நடக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் உண்டு.

2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் கண்டதும் ஏறக்குறைய இதுதான். பாசனக் கால்வாய், மேய்ச்சல் நிலம், காடு போன்ற பொதுச் சொத்துகள் எங்கே கெடாமல் நீடிக்கின்றன என்று அவர் ஆராய்ந்தார். நீடித்த இடங்களில் பயன்படுத்துபவர்களே விதி வகுத்தார்கள். கண்காணிப்பவர் அவர்களுக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார். முதல் தவறுக்குச் சிறிய தண்டனை. திரும்பத் திரும்பச் செய்தால்தான் கடுமை. சச்சரவைச் செலவில்லாமல் தீர்க்க ஓர் இடமும் இருந்தது. ஸ்பெயினின் வலென்சியா நகரில் பாசன விவசாயிகளின் தண்ணீர் நீதிமன்றம் இன்றும் வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலில் கூடுகிறது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதில் புதிதாக விளக்க எதுவும் இல்லை.

கண்காணிப்பவரே வரம்பு மீறினால்?

உண்மையான அச்சம் அதுதான். தீவன வியாபாரியே அட்மின் என்றால், அவருடைய தீவனம் பற்றிய புகார்தான் முதலில் அழியும். ஆகவே ஒருவரே காலத்துக்கும் அட்மினாக இருக்கக் கூடாது. வெவ்வேறு தொழில்நிலையில் உள்ள மூன்று பேர், ஆண்டுக்கு ஒருமுறை மாறட்டும். முதல் தவறுக்குத் தனியாக ஒரு வார்த்தை, இரண்டாவதுக்குக் காரணம் சொல்லிப் பதிவை அழித்தல், மூன்றாவதுக்கு நீக்கம். நீக்கப்பட்டவர் முறையிட ஒரு வழி. மருந்தும் அளவும் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் பெயரோடுதான் வர வேண்டும் என்ற விதியைக் குழுவின் விவரப் பகுதியில் எழுதிவைக்கலாம். போட்டியாளர்கள் விலையைப் பேசிவைத்து நிர்ணயிப்பதை 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் தடுக்கிறது என்பதையும் அதன் கீழே சேர்க்கலாம்.

கரூர் வழக்கில் நீதிமன்றம் பார்த்தது, குற்றம் யாருடையது என்பதை. நாமக்கல் பண்ணையாளருக்கு அதற்கு முன்பே வேறொரு கேள்வி இருக்கிறது. குழுவில் வந்த மருந்தை அவர் தண்ணீரில் கலக்கும் முன்பு, அதை யார் சரிபார்த்தார்? அதற்குச் சொல்ல ஒரு பெயர் இருக்கும் குழுவில் காவல் இருக்கிறது என்று பொருள்.