கண்ணுக்குள் வெண்துகள்கள்

கண் பரிசோதனை முகாம்களுக்கு வரும் முதியவர்கள் பெரும்பாலும் கண்புரை உண்டா என்று அறியவே வருகின்றனர். அவர்களுள் சிலர், "உங்கள் கண்ணின் உட்பாகத்தில் வெண்மையான துகள்கள் நிறைந்திருக்கின்றன" என்று மருத்துவர் கூறக் கேட்டுத் திகைக்க நேரிடுகிறது. திருவந்திபுரத்தில் ஔடதகிரியின் படிகளில் தடுமாற்றமின்றி ஏறி இறங்கும் பெரியவருக்கும் இவ்வாறு சொல்லப்படலாம். பார்வை போய்விடும் என்று அஞ்சி, நிலத்தை ஈடு வைத்தேனும் அறுவை செய்துகொள்ள அவர் எண்ணக்கூடும். அது தேவையில்லை.

விழியின் உட்பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை, இளநுங்கின் சதையைப் போன்ற தெளிந்த கூழ் நிரப்பியிருக்கிறது. விட்ரியஸ் எனப்படும் இக்கூழில் பெரும்பாகம் நீரே. முதுமையில் சிலருக்குச் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரமும் கொழுப்புப் பொருளுடன் சேர்ந்து நுண்ணிய துகள்களாகி இதனுள் தங்கிவிடுகின்றன. மருத்துவர் ஒளி பாய்ச்சிப் பார்க்கையில் அவை இரவு வானத்து விண்மீன்களைப்போல் மின்னும். ஆதலின் இதற்கு ஆஸ்டிராய்டு ஹயலோசிஸ் என்று பெயர். டப்ளின் நகரத்து மருத்துவர் பென்சன் 1894-இல் இதனை விவரித்தார். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடுத்தர வயதினர், முதியோர் ஆகியோரிடையே நடந்த ஆய்வுகளில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு இது காணப்பட்டது. பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் தோன்றும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பலருக்குக் கண்முன் பூச்சி பறப்பதுபோல் தோன்றும். அதனை நோயாளி காண்பார், மருத்துவருக்கு எளிதில் புலப்படாது. இந்த வெண்துகள்களோ மருத்துவருக்கே தெரியும். உடையவர் பெரும்பாலும் அறியவே மாட்டார். அவர் பார்வையும் குறைவதில்லை.

எனினும், "தீங்கற்றது" என்று கேட்டதும் பரிசோதனையையே கைவிட்டுவிடலாகாது. துகள்கள் அடர்ந்திருந்தால் அவற்றின் பின்னுள்ள விழித்திரையை மருத்துவர் நன்கு காண இயலாது. நீரிழிவு உள்ளவருக்கு விழித்திரையில் உண்டாகும் கேடு இதனால் மறைந்து கிடக்கலாம். நீரிழிவுதான் இத்துகள்களுக்குக் காரணம் என முன்பு பலர் கருதினர். பெரிய ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. ஆயினும் நீரிழிவு உள்ளோர் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஓ.சி.டி. என்னும் ஒளிப்படக் கருவி பெரும்பாலும் துகள்களையும் ஊடுருவிக் காட்டும்.

கண்புரை அறுவைக்குச் செல்வோரும் இதனைக் கூறுதல் நலம். விழியின் நீளத்தை அளந்தே செயற்கை வில்லையைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஒலியலைக் கருவி இத்துகள்களில் மோதிச் சிலபோது நீளத்தைக் குறைத்துக் காட்டும். ஒளியால் அளக்கும் கருவியே நம்பத்தக்கது. பார்வைக்கு உண்மையாகவே இடையூறு நேர்ந்தாலன்றி, அல்லது விழித்திரைச் சிகிச்சைக்கு அவசியமானாலன்றி, கூழை அகற்றும் அறுவை வேண்டுவதில்லை.

கண்ணுக்கு மூலிகைச் சாறும் விளக்கெண்ணெயும் விடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. எந்தச் சொட்டு மருந்தாலும் இத்துகள்கள் கரையமாட்டா. தூய்மையற்ற சாறு கருவிழியில் புண்ணை உண்டாக்கி, நன்றாயிருந்த கண்ணையும் கெடுத்துவிடும்.

ஒன்றைமட்டும் வேறுபடுத்தி அறிந்துகொள்வீர்களாக. திடீரெனப் பல கரும்புள்ளிகள் பறப்பதும், மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தெறிப்பதும், ஒரு புறமிருந்து திரை விழுவதுபோல் பார்வை மறைவதும் இந்த வெண்துகள்களின் குறிகள் அல்ல. விழித்திரை கிழிந்து பிரிவதன் அடையாளங்களாக அவை இருக்கலாம். அந்நிலையில் அடுத்த முகாம்வரை காத்திராமல், அன்றே கண் மருத்துவரை அடைய வேண்டும். இவ்வட்டாரத்தார்க்குக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை அண்மையில் உள்ளது. புதுச்சேரி செல்லும் சாலையில் தவளக்குப்பத்து அரவிந்த் கண் மருத்துவமனையும், அப்பால் ஜிப்மரும் இருக்கின்றன.

முகாம் நடத்தும் ஊராட்சி மன்ற அங்கத்தினர்கள், துகள் உள்ளதாகக் கண்டறியப்பட்டவரின் சீட்டில் நோயின் பெயரையும், எந்தக் கண் என்பதையும், விழித்திரை தெளிவாகத் தெரிந்ததா என்பதையும் மருத்துவரைக்கொண்டு எழுதி வாங்கிக் கொடுக்கலாம். அடுத்து எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் அச்சீட்டை முதலில் காட்டும்படி அவரிடம் சொல்லியனுப்புக.