வேர்ட்பிரஸ் மேம்படுத்தல்: மீளும் வழியை முதலில் அமைத்தல்

பி2 என்னும் பழைய வலைப்பதிவு மென்பொருளிலிருந்து கிளைபிரிந்து, மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகியோரால் 2003 மே மாதம் வெளியிடப்பட்ட வேர்ட்பிரஸ், ஒரு தளத்தை இரண்டு இடங்களில் பிரித்து வைக்கிறது. பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட நிரற்கோப்புகளும் படங்களும் வழங்கியின், அதாவது தளத்தைத் தாங்கும் கணினியின், கோப்புறைகளில் இருக்க, பதிவுகளும் அமைப்பு விவரங்களும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அட்டவணைகளாகச் சேமிக்கப்படுகின்றன. இவ்விரண்டையும் ஒரே வேளையில் நகலெடுத்த பின்னரே மேம்படுத்தலைத் தொடங்க வேண்டும்.

புதிய பதிப்பு மூலநிரற் கோப்புகளை மாற்றிவிடும். தரவுத்தளக் கடவுச்சொல்லைக் கொண்ட அமைவுக் கோப்பையும், ஏற்றிய படங்கள் இருக்கும் 'டபிள்யூபி-கன்டென்ட்' கோப்புறையையும் விட்டுவைக்கும். ஆதலால் மூலநிரலில் நேரடியாகச் செய்த திருத்தங்கள் நிலைப்பதில்லை.

கோப்புகளைப் பழையபடி வைப்பது எளிது, தரவுத்தளம் அத்தகையதன்று. அதில் பதிந்துள்ள பதிப்பெண் தன் எண்ணைவிடக் குறைவாக இருப்பின், புதிய நிரல் தேவைக்கேற்ப அட்டவணைகளின் அமைப்பையே மாற்றுகிறது. அதைத் திருப்பும் வசதி மென்பொருளில் இல்லாமையால், முன்பே எடுத்த காப்புநகலைக் கொண்டே மீள முடியும்.

தமிழ்த் தளங்களுக்கு இங்கே தனியானதோர் இடரும் உண்டு. 2007இல் வந்த 2.2 பதிப்புக்கு முன்னர், தரவுத்தளத்தோடு எந்தக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாக்கும் எம்முறையில், பேசுவது என்பது அமைவுக் கோப்பில் குறிக்கப்படாததால், பல தளங்களில் யூடிஎஃப்-8 தமிழ் உரை லத்தீன் என்று பெயரிடப்பட்ட அட்டவணைகளில் சேமிக்கப்பட்டது. எழுதும்போதும் படிக்கும்போதும் அதே தவறு நேர்ந்தவரை திரையில் தமிழ் செம்மையாகவே தெரிந்தது. குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றியதும் ஒவ்வொரு தமிழ்க் குறியின் மூன்று பைட்டுகளும் மூன்று வேற்றெழுத்துகளாகச் சிதறின. எனவே பழைய தளத்தின் காப்புநகலை வேறொரு தரவுத்தளத்தில் மீட்டு, பழைய தமிழ்ப் பதிவுகள் சிலவற்றைத் திறந்து படித்துப் பார்த்த பிறகே அதை நம்பலாம். அந்நகல் தளத்திலேயே புதிய பதிப்பை முதலில் நிறுவி, வழங்கியின் பிஎச்பி பதிப்பும், கூடுதல் வசதி தரும் செருகுநிரல்களும் அதனோடு இணங்குகின்றனவா என்று சோதிப்பது சிறந்தது.

இத்தகைய இடருக்கு அஞ்சி மேம்படுத்தலைத் தள்ளிப்போடுவது அவ்விடரினும் தீங்கானது. கடவுச்சொல் இல்லாமலே பதிவுகளைத் திருத்த இடந்தந்த ஓட்டையொன்றை 2017 ஜனவரி 26 அன்று வெளிவந்த 4.7.2 பதிப்பு அடைத்தது. அவ்வோட்டையின் விவரம் பிப்ரவரி 1 அன்று அறிவிக்கப்பட்டபின், சில நாட்களுக்குள், மேம்படுத்தப்படாத தளங்களின் பதிவுகள் பெருமளவில் அந்நியரால் மாற்றி எழுதப்பட்டன.